காயலான் கடைக்குப் போகும் கணிப்பொறிகள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "கல்லூரி ஞாபகங்கள் நிறைய வந்தாச்சுப்பா. ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் ஏழு கட்டுரை இருக்கு. நீ ஏதாவது உருப்படியா எழுது" என்றார். அதனால் குப்பையைப் பற்றி எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த நம்மில் யாருக்கும் காயலான் கடைகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சைக்கிள் ரிம், நசுங்கிய கார் கதவு, தொழிற்சாலைக் கழிவுத் தகடு, பேப்பர் மூட்டை. சின்ன வயதில் தெருவில் ஒரு வண்டி வரும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டர் கிடையாது. இப்போது எந்தக் கடையில் எட்டிப் பார்த்தாலும் பின்பக்கம் சாம்பல் நிற மானிட்டர்கள் முகம் குப்புற அடுக்கி வைத்திருக்கின்றன. எங்கோ ஒரு பாங்க், எங்கோ ஒரு பள்ளிக்கூடம், எங்கோ ஒரு கல்லூரி லேப் காலி ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

அவற்றில் சிலவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சரித்திரம் தேவை.

இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கணிப்பொறி ஹெச்.இ.சி.-2எம். இங்கிலாந்தில் செய்தது. 1955ல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. நாமே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய இயந்திரம் பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தின் டிஃப்ராக். 1960ல் ஓட ஆரம்பித்தது, 1962ல் நேரு பெயர் சூட்டினார். சுமார் 2,700 வால்வுகள், ஒவ்வொன்றும் 40 பிட் கொண்ட 2,048 சொற்களுக்கு மெமரி. அந்தக் குழுவை நடத்திச் சென்றவர் நம்மூர்க்காரர், ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் டெலிகம்யூனிகேஷன் படித்து, அமெரிக்கா போய் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1954ல் திரும்பி வந்தவர். பின்னாளில் கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியாவின் முதல் தலைவர். கல்லைச் செதுக்கிய நரசிம்மவர்மனைத் தெரிந்த அளவுக்கு, வால்வுகளைக் கோத்த நரசிம்மனை இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அது வேறு வருத்தம்.

1964ல் அதே கழகத்துக்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 வந்தது. டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. இன்றைக்கு நீங்கள் பம்பாய் போய் அந்த இயந்திரத்தை முழுசாகப் பார்க்க முடியாது. கல்கத்தா ஹெச்.இ.சி.யும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசையின் முதல் மாதிரி, அதாவது நம் கல்கத்தா இயந்திரத்தின் அண்ணன், இங்கிலாந்தில் பர்மிங்காம் அருங்காட்சியகத்தின் கிடங்கில் பிழைத்துக்கொண்டது. தம்பி பிழைக்கவில்லை.

அடுத்து வந்தது ஐ.பி.எம். 1401. அமெரிக்காவில் 1959ல் அறிமுகமான மாடல். இங்கே கம்பெனிகள், ரயில்வே என்று பல இடங்களில் குடியேறியது. அவற்றில் நிறைய, வெளிநாட்டில் உழைத்து ஓய்ந்து திரும்பிய பழைய மெஷின்கள். பம்பாயில் பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, நமக்கு வாடகைக்கு விட்டார்கள். எழுபதுகளில் பாராளுமன்றக் கமிட்டி வரை இந்த விஷயம் அடிபட்டது. கோபப்பட்டவர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். வேறு நாடு ஒதுக்கித் தள்ளிய பெட்டிகளில்தான் ஒரு தலைமுறை இந்தியப் புரோகிராமர்கள் தொழில் கற்றுக்கொண்டார்கள்.

1973ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுப் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளவில்லை. 1978ல் மூட்டை கட்டியது. விட்டுப்போன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. ஸ்பேர் கிடைக்காத மெஷினை ஓட்ட உலகம் முழுக்க ஒரே வழிதான்: ஒன்றை அறுத்து இன்னொன்றைப் பிழைக்க வைப்பது. கடைசியில் மிஞ்சுவது எலும்புக்கூடு. எலும்புக்கூட்டுக்கு யார் அறை ஒதுக்குவார்கள்?

பழைய கம்ப்யூட்டர் எப்படிச் சாகிறது என்று நம் ஊர் நடைமுறையில் சொல்கிறேன். முதலில் அது ரிப்பேர் ஆகாது, புதுசு வந்துவிடும், அவ்வளவுதான். ஸ்டோர் ரூமுக்குப் போகும். டெட் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு எண்ணாகப் பல வருஷம் உட்கார்ந்திருக்கும். ஆடிட் வரும்போதெல்லாம் யாராவது போய் எண்ணிவிட்டு, கையில் ஒட்டடையோடு வருவார்கள். ஒருநாள் கண்டம் பண்ண ஒரு கமிட்டி. பிறகு டெண்டர், பிறகு லாரி. ரெஜிஸ்டரில் இருக்கும்வரை அதை யாரும் தொட முடியாது. ரெஜிஸ்டரிலிருந்து நீங்கிவிட்டால் அது லாரிக்காரருடையது. இந்த இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். காப்பாற்றுவதானால் அந்தச் சில வாரங்களில்தான்.

லாரி ஏறிய பிறகு எடைக்குத்தான் மதிப்பு. ஒயரில் தாமிரம், பெட்டியில் இரும்பு, போர்டின் கனெக்டர் விளிம்புகளில் மைக்ரான் கனத்தில் தங்கம். பழைய மெஷினில் தங்கம் தாராளம் என்பதால் எவ்வளவு பழசோ அவ்வளவு சீக்கிரம் போகும். மூலைமுடுக்குகளில் ஒயரை எரித்துத் தாமிரம் எடுப்பதும், ஆசிட்டில் போர்டை ஊறவைத்துத் தங்கம் எடுப்பதும் நடந்தன. அந்த ஆசிட் மண்ணுக்குப் போகும், புகை பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகும். 2011ல் மின்னணுக் கழிவு விதிகள் வந்து 2012 மே முதல் அமலாயின. 2022ல் வந்த புது விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் முறையாகக் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் முறையான மறுசுழற்சி என்றால் பிரித்து, நொறுக்கி, உலோகம் பிரிப்பது. பாலாற்றுக்கு அது நல்லது, சரித்திரத்துக்கு அது சுத்தமான தகனம். காயலான் கடையிலாவது நாலு மாதம் வெயிலில் கிடக்கும், யாராவது பார்த்துவிட வாய்ப்பு உண்டு.

இனி ஒரு நல்ல கதை. கல்பாக்கத்து அணுசக்தி நிலையம் நமக்குப் பக்கத்து வீடு என்பதால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற ஊரில் அவர்களுடைய அணுசக்தி ஆராய்ச்சி நிலையம். 1951ல் அங்கே ஒரு கணிப்பொறி கட்டினார்கள். இரண்டரை டன் எடை. டெக்கட்ரான் எனப்படும் 828 கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஒளிப்புள்ளி பத்து இடங்களில் சுற்றி வந்து பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்ணும். ஆமை வேகம். ஒரு பெருக்கலுக்குச் சில விநாடிகள். கையால் போடுகிற ஆள் கொஞ்ச நேரம் அதற்கு ஈடுகொடுத்துவிடலாம். ஆனால் ஆளுக்குத் தூக்கம் வரும், இதற்கு வராது. ஒரு கிறிஸ்துமஸ் லீவில் பத்து நாள் ஆளில்லாமல் தனியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாம். 1957ல் ஹார்வெல்லுக்கு வேகமான மெஷின்கள் வந்துவிட்டன. இதை என்ன செய்வது? உடைக்கவில்லை. கல்லூரிகளுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள்: இதைக் கொடுத்தால் யார் மிக நன்றாகப் பயன்படுத்துவீர்கள்? உல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரி ஜெயித்தது. விட்ச் என்று பெயர் வைத்து 1973 வரை அதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள்! பிறகு பர்மிங்காமில் ஓர் அருங்காட்சியகம். அது 1997ல் மூடியதும் மெஷினைப் பிரித்துக் கிடங்கில் போட்டார்கள், உலகம் மறந்துவிட்டது. 2008ல் அந்தக் கிடங்கின் புகைப்படம் ஒன்றில் அதன் ஒரு பாகம் தற்செயலாக விழுந்திருந்ததை ஒருவர் அடையாளம் கண்டார். மூன்று வருஷம் ஆர்வலர்கள் உட்கார்ந்து பழுது பார்த்து, 2012 நவம்பர் 20ல் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். ஓடும் நிலையில் உள்ள மூல டிஜிட்டல் கணிப்பொறிகளில் இதுதான் உலகிலேயே மூத்தது என்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அதைப் பதினாறு வருஷம் காப்பாற்றியது அரசாங்கம் இல்லை, பணக்காரர் இல்லை, நம்மைப் போன்ற ஒரு டெக்னிகல் காலேஜ்.

கல்பாக்கத்தில் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18ல் முதல் தொடர்வினையைக் கண்டது. உலை என்பது நாற்பது வருஷ சமாசாரம். அதைக் கண்காணிக்கும் கணிப்பொறியின் ஆயுளோ பத்துப் பதினைந்து வருஷம். சிப் கிடைக்காது, மாற்றத்தான் வேண்டும். அங்கேயும் பழைய கணிப்பொறிகள் போய்ப் புதியவை வந்தன. கதிரியக்கப் பகுதிக்குள் இருந்த சாமான் வெளியே வராது, வரவும் கூடாது. அதைக் கேட்கவில்லை. ஆனால் ஹார்வெல் வைத்த மாதிரி ஒரு போட்டியை இந்தப் பக்கத்துப் பெரிய நிறுவனம் ஏதாவது ஒன்று வைத்தால், போட்டி போட ஒரு கல்லூரி தயாராக இருக்க வேண்டாமா?

"ஓடாத மெஷினை வெச்சு என்ன பண்றது?" என்று கேட்பார்கள். மாமல்லபுரத்துக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஐந்து ரதத்தை எல்லோரும் பார்க்கிறோம். பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் பக்கம் டூரிஸ்ட் பஸ் போவதில்லை, ஏனென்றால் அவை முடிக்காமல் விட்டவை. ஆனால் பல்லவ சிற்பி பாறையை எங்கே கட்டம் போட்டான், எந்தப் பக்கமிருந்து குடைய ஆரம்பித்தான் என்பதை முழுமை பெற்ற ரதம் சொல்லாது. மழமழவென்று இழைத்துவிட்டானே! முடிக்காத பாறைதான் சொல்லும். அதே மாதிரி, மூடி கழன்ற ஒரு பழைய போர்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சிப் இருக்கும், தடங்களைக் கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். இன்றைய மொபைல் போனில் எல்லாம் ஒரே சிப்புக்குள் போய்விட்டது. பழசைப் பிரித்த பையனுக்குத்தான் புதுசின் உள்ளே என்ன நடக்கிறது என்று பிடிபடும். முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைப் பார்த்திருப்பீர்கள். இடிக்க இருந்த செட்டிநாட்டு வீடுகளையும் கேரள வீடுகளையும் மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து நட்டு, 1996ல் திறந்தார்கள். வீட்டுக்கு அது நடந்தது. கம்ப்யூட்டருக்கு இன்னும் நடக்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. மறைமலைநகர் தாண்டி ஒரு கடையில் சைக்கிள் டயர்களுக்கு அடியில், கறுப்பும் சிவப்புமான விசைகளோடு ஒரு தடித்த கீபோர்டு கண்ணில் பட்டது. எஸ்.சி.எல். யூனிகார்ன். 1984-85ல் மத்திய அரசு கிளாஸ் என்றொரு திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. அதையே மொஹாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் என்று செய்தது. அந்த ஆலை 1989 பிப்ரவரியில் தீயில் எரிந்துபோனது. அது செய்த சாமான் ஒன்று டயருக்கு அடியில்.

"அண்ணே, இது எவ்ளோ?"

"இன்னா சார் அது, கீபோர்டா? உள்ள போர்டு கீதா பாரு. போர்டு இருந்தா வேற ரேட்டு."

"ஓடுற கண்டிஷனா?"

"ஓடறதுக்கு இன்னா ஸ்கூட்டரா? இங்க எல்லாம் கிலோ கணக்கு சார்."

கிலோ கணக்கிலேயே வாங்கி வந்தேன். கடற்கரை ஊர் மெஷினுக்கு உப்புக் காற்றுதான் எமன். ஐசி கால்களில் பச்சைக் களிம்பு. இந்த மாடலின் பவர் சப்ளையில் ஒரு வடிகட்டிக் கெபாசிட்டர் உண்டு. வயசானால் மேலுறை வெடிப்பு விடும், கரண்ட் கொடுத்த கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க நாற்றமடிக்கும் புகை. அதை முதலில் கழற்றிப் புதுசு போட்டேன். ஐசிகளைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் இதுதான் வேலை. "இதுக்காடா இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்?" என்றார் அம்மா. சாயங்காலம் ஸ்விட்ச் போட்டதும் தடித்த குரலில் ஒரு பீப், தொடர்ந்து மெல்லிய குரலில் ஒரு பீப். பேசிக் மொழி தயாராக நின்றது. விண்டோஸ் வரும்வரை காபி குடிக்கப் போகும் வழக்கமெல்லாம் இதற்குக் கிடையாது.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது யூனிகார்ன் இல்லை. நம் கல்லூரி ஸ்டோர் ரூமில் இருக்கும் ஓர் அட்டைப்பெட்டி.

கண்டம் பண்ண வேண்டிய சாமான்களின் லிஸ்ட் தயாராகிறது என்று கேள்விப்பட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, நாங்கள் 2010 பேட்ச் மூன்று பேர் போய்ப் பார்த்தோம். நாலு 386 மெஷின்கள், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், செத்த யு.பி.எஸ்.கள். மெஷின்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் விலாசம் இன்னும் செங்கை மாவட்டம். அந்த மாவட்டம் 1997ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்து, 2019ல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமாகி, எல்லாம் ஆகிவிட்டது, சீட்டு மட்டும் நகரவில்லை. அட்டைப்பெட்டியில் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகள் பதினொன்று. பேனாவில் எழுதியிருந்தது: தமிழ் மன்றம், மலர், 1993.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு விளக்கம். உங்கள் போனில் தமிழ் தானாக வருகிறது. அன்று அப்படி இல்லை. கனடாவில் இருந்த கே. ஸ்ரீனிவாசன் 1984லேயே ஆதமி என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ல் முரசைத் தொடங்கினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்து புனேயின் சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் கார்டை மெஷினுக்குள் செருகினால் டாஸ் திரையில் இந்திய எழுத்துகள் தெரியும். 1993ல் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை வெளியிட்டார். ஒவ்வொருவரும் எழுத்துகளுக்கு ஒவ்வொரு எண் கொடுத்தார்கள். ஒருவர் தட்டியது இன்னொருவர் மெஷினில் புரியாத குறிகளாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டினார்கள். யூனிகோடு வீட்டுக்கு வீடு வந்தது அதற்கும் பிறகு. ஆக, 1993ல் தட்டிய தமிழைப் படிக்க ஃப்ளாப்பி மட்டும் போதாது. அதே மெஷின் வேண்டும், அல்லது அதன் எழுத்துரு வேண்டும்.

386களில் மூன்றின் மதர்போர்டைக் கடிகார பாட்டரி தின்றுவிட்டது. அந்தக் கால போர்டுகளில் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பாட்டரி இருக்கும். பழசானால் காரம் ஒழுகித் தாமிரத் தடத்தையே அரித்துவிடும். நாலாவது மெஷினில் ஒழுகல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பாட்டரியை வெட்டி எடுத்து, வினிகர் தொட்டுத் துடைத்து, தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். மெஷின் எழுந்தது. ஹார்ட் டிஸ்க் எழவில்லை. அதோடு எழுத்துருவும் போச்சு. ஆனால் ஐந்தேகால் அங்குல டிரைவ் வேலை செய்தது. பதினொன்றில் எட்டு ஃப்ளாப்பிகளைப் படித்தோம். மூன்றில் பூஞ்சை, கைவைக்கவில்லை.

கிடைத்ததோ வெறும் கிறுக்கல். ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியும். நூலகத்தில் 1993 மலரின் கிழிந்த பிரதி ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கங்கள் இல்லை. அச்சில் இருந்த பக்கத்தையும் கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் குறி 'க', இந்தக் குறி துணைக்கால் என்று ஓர் அட்டவணை போட்டோம். கல்வெட்டுக்காரர்கள் செய்கிற வேலைதான். மூன்று ராத்திரி. நாலாவது ராத்திரி கிழிந்துபோன பக்கங்கள் தமிழில் திரையில் ஓடின. ஒரு சிறுகதை, இரண்டு கவிதை, அந்த வருஷம் ஓய்வு பெற்ற ஒரு லேப் அட்டெண்டருக்கு மாணவர்கள் எழுதிய பிரிவுக் கடிதம். அவர் குடும்பத்தில் யாரிடமும் அந்த மலர் இல்லை. கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அந்த டிரைவ் உள்ள மெஷின் இப்போதும் லிஸ்டில்தான் இருக்கிறது. லிஸ்ட் ஏலத்துக்குப் போக இன்னும் ஆறு வாரம். அதையும், பிழைக்கக்கூடிய வேறு நாலைந்து சாமான்களையும் லிஸ்டிலிருந்து எடுத்து, போதனைக் கருவி என்ற தலைப்பில் ரெஜிஸ்டரில் மாற்றி எழுதலாம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். அதற்குச் சங்கத்தின் கடிதமும், பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரியும், பார்த்துக்கொள்ள இரண்டு மாணவர்களும் வேண்டும். கடிதம் பொதுக்குழுவில் வருகிறது, கை தூக்கிவிடுங்கள். அலமாரிக்கு 1998 பேட்ச் ஒப்புக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் யாரென்று இனிமேல்தான் தெரியவேண்டும். மூன்று பூஞ்சை ஃப்ளாப்பிகள் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது இருந்தால், பழைய பிசி, ஃப்ளாப்பி, மேனுவல், கேசட், எதுவானாலும் சரி, சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். ஓடுகிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று தயவுசெய்து பிளக்கில் செருகாதீர்கள். பழைய மானிட்டரின் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம், அணைத்து வைத்திருந்தாலும் ஷாக் அடிக்கும். ஃப்ளாப்பியைத் துணியால் துடைக்க வேண்டாம். அப்படியே ஒரு பையில் போட்டு எலக்ட்ரானிக்ஸ் லேப்புக்கு எடுத்து வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேதான் இருப்போம். ஸ்க்ரூ டிரைவரும் வினிகரும் எங்களிடம் இருக்கின்றன.